மூன்றாம் பக்கத்தில் இல்லாத சொல்

அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா புத்தகத்தை நீட்டிவிட்டார்.

"பாப்பா, இதுல கொஞ்சம் பாரு. மூணாம் பக்கம். நானும் நாலு தடவ பாத்துட்டேன், கண்ணுல படல."

தோளில் இருந்த பை நழுவி முழங்கையில் தொங்க, ஒரு காலில் செருப்போடும் மறுகாலில் இல்லாமலும் அவள் மாடிப்படி முடிகிற இடத்தில் நின்றாள். மூன்று மணி நேரம் பேருந்தில், ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்க்கிற அந்த முதல் நிமிஷத்தைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். அவர் உடைந்துபோவார், தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று மனசைத் திடப்படுத்தி வைத்திருந்தாள். அப்பா உடையவில்லை. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டு, செங்கல் கனமுள்ள அகராதியை இரண்டு கையிலும் ஏந்தியபடி, பதிலுக்குக் காத்திருந்தார்.

"அம்மா..." என்றாள்.

"உள்ள இருக்கா. மொதல்ல இதச் சொல்லு. 'அபைட்'னா என்ன?"

கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். "அண்ணே, புள்ள இப்பதான் வாசல்ல கால வச்சிருக்கு. அதுக்குள்ள பாடம் நடத்துறீங்களே."

"இல்லம்மா, ஒரே நிமிஷம். இவளுக்குத் தெரியும்."

"தெரியட்டும். பெத்தவளப் பாத்துட்டு வந்து சொல்லும்." முழங்கையில் தொங்கிய பையை வாங்கிச் சுவரோரம் வைத்தாள். பிறகு குனிந்து உட்கார்ந்து, இறுகிக் கிடந்த இன்னொரு செருப்பின் வாரைத் தானே அவிழ்த்தாள். அந்தச் சொரசொரப்பான விரல்கள் காலில் பட்டபோதுதான் மகளுக்கு முதன்முதலாக அழுகை வந்தது. ஆறுதல் பெரும்பாலும் நாம் எதிர்பார்த்து நிற்கிற வாசல் வழியாக வருவதில்லை.

கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து இழுத்து அறையின் நடுவில் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு மார்புவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. யாரோ தலையை வாரி, நடுவகிடு எடுத்து, பின்னலை முன்னால் போட்டிருந்தார்கள். யாரோ என்ன, தையல்காரம்மாதான். வேறு யார் செய்வார்கள்? ஆறு வாரமாக மடங்கியே கிடந்த வலது கை இப்போது நீட்டிக் கிடந்தது. அந்தக் கையைப் பார்த்துத்தான் மகளுக்கு உறைத்தது.

"எத்தன மணிக்குக்கா?"

"பத்தே கால் இருக்கும் கண்ணு. மிஷின்ல உக்காந்திருந்தேன். அண்ணன் மேலேர்ந்து கூப்பிட்டாரு. அந்தக் குரலே சரியில்ல. ஓடி வந்தேன். முடிஞ்சிருச்சு. உள்ளங்கை மட்டும் சூடா இருந்துச்சு."

பத்தே கால். அந்த நேரத்தில் அவள் மருந்துக் கம்பெனியின் பரிசோதனை அறையில், தலைக்குத் தொப்பியும் வாய்க்கு மூடியும் போட்டுக்கொண்டு, மாத்திரைகள் தண்ணீரில் எத்தனை நிமிஷத்தில் கரைகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. இரும்பு லாக்கரைத் திறந்தபோது பதினொன்றரை. அப்பாவிடமிருந்து ஏழு அழைப்புகள். எட்டாவது அழைப்பு தையல்காரம்மாவுடையது.

அம்மா முப்பத்தொரு வருஷம் ஓர் அகராதி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதுகிற அலுவலகம். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. சீட்டில் சொல், அதை உச்சரிக்கிற விதம் தமிழ் எழுத்தில், பிறந்த கதை, பொருள், கடைசியில் எழுதியவரின் முதலெழுத்து. அந்த முதலெழுத்தைப் போட்டுவிட்டால் அந்தச் சொல்லுக்கு ஆயுசுக்கும் அவர்தான் பொறுப்பு. எழுபதாயிரம் சீட்டுகளை அடுக்கி, சரிபார்த்து, டப்பா டப்பாவாகக் காத்ததால் அம்மாவுக்கு அலுவலகத்தில் சீட்டம்மா என்றே பெயர்.

அப்பா பைண்டர். அந்த அகராதியின் மூவாயிரம் பிரதிகளும் அவர் பட்டறையில்தான் தைத்து, ஒட்டி, அட்டை போட்டு வெளியே போயின. அதைச் சாக்கிட்டுத்தான் கல்யாணமே நடந்தது. "உள்ள இருக்கறதெல்லாம் அவ, வெளிய இருக்கறதெல்லாம் நான்" என்று புதிதாக வருகிறவர்களிடம் அப்பா புத்தகத்தைத் தட்டிக் காட்டுவார். இங்கிலீஷ் எழுத்துகளின் வரிசை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த எழுத்துகள் கூடி என்ன சொல்கின்றன என்பது மட்டும் தெரியாது.

அந்த வீட்டில் சோற்றுக்கு முன்னால் சொல்லைத்தான் பரிமாறுவார்கள். "'விண்டோ'ன்னா என்ன தெரியுமா? காத்தோட கண்ணு" என்பாள் அம்மா. "'மஸில்'னா குட்டி எலி. கைய மடக்கினா தோலுக்கடியில எலி ஓடற மாதிரி இருக்கில்ல? உன்னை யாராவது 'நைஸ்'னு சொன்னா ரொம்பச் சந்தோஷப்படாத, ஒரு காலத்துல அதுக்கு முட்டாள்னு அர்த்தம்." அப்பா உடனே, "அப்ப என்னை நீ நைஸ்னு சொன்னது எந்தக் காலத்துக் கணக்கு?" என்பார். நம் கட்டுமரம் கப்பலேறிப் போய் இங்கிலீஷ்காரனுடைய சொல்லாகத் திரும்பி வந்த கதையை அம்மா சொன்னால், சொந்தக்காரர் யாரோ வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போன மாதிரி பெருமையாக இருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அம்மாவிடம் விளையாட்டே கிடையாது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். "அதுல வெக்கமே இல்ல. தெரியாம தப்பா அர்த்தம் சொல்றது இருக்கு பாரு, அது ஒருத்தனுக்குத் தப்பா வழி காட்டற மாதிரி. அவன் எங்க போய் நிப்பானோ." சொற்களின் உறவுமுறையிலும் அப்படித்தான். "சில வார்த்தையப் பாத்தா அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். ஆனா ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. மூஞ்சியப் பாத்து சொந்தம் கொண்டாடக் கூடாது."

ஆறு வாரத்துக்கு முன் ஒரு காலையில் அம்மாவுக்கு மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டது. வலது கை போயிற்று. தமிழ் போயிற்று. கண் விழித்த அம்மா கணவனைப் பார்த்து முதலில் சொன்னது, "வாட்டர்." அப்பா திரும்பி, யாரோ வெள்ளைக்காரியிடம் சொல்கிறாளோ என்று பார்த்தாராம். சிலருக்கு இப்படி ஆவதுண்டு, பிறகு கற்றுக்கொண்ட பாஷை தங்கிவிட்டுத் தாய்ப்பாஷை போய்விடும் என்றார் டாக்டர். அதுவும் வாக்கியமாக வரவில்லை. ஒற்றை ஒற்றைச் சொல்லாக, சீட்டு சீட்டாகத்தான் வந்தது.

அப்பா அழுது முடித்த மறுநாள் ஒரு வேலை செய்தார். பட்டறையில் மிஞ்சிய அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி, அம்மா சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுத ஆரம்பித்தார். வாட்டர், தண்ணி. பில்லோ, தலகாணி. கோல்ட், குளிருது. புரியாத சொல் வந்தால் மகளுக்குப் போன் போட்டு அம்மாவின் வாயருகே வைப்பார். மகள் பொருள் சொல்வாள். அவர் எழுதிக்கொள்வார். ஆறு வாரத்தில் எழுபத்திரண்டு சீட்டுகள், ரப்பர் பேண்டு போட்டு, சட்டைப் பையில். "அறுபத்தி மூணு வயசுல இங்கிலீஷ் மீடியத்துல சேந்திருக்கேன் பாப்பா. வாத்தியாரம்மா படுத்துக்கிட்டே பாடம் எடுக்கறா" என்று போனில் சிரிப்பார். அவர் சிரிப்பதைக் கேட்கவே அவள் வேண்டாத வேளையிலும் அழைப்பதுண்டு.

அப்பா அறைக்குள் வரவில்லை. நிலைப்படியில் நின்றே பேசினார்.

"காலையில நல்லாத்தான் இருந்தா. அரை டம்ளர் பால் குடிச்சா. 'விண்டோ'ன்னா, தெறந்து விட்டேன். 'பில்லோ'ன்னா, தூக்கி வச்சேன். எல்லாம் நமக்குத் தெரிஞ்ச பாடம்தானே. அப்புறம் இந்த எடது கையால என் கையப் பிடிச்சுக்கிட்டு புதுசா ஒண்ணு சொன்னா. 'அபைட்.' என் சீட்டுல அது இல்ல. உனக்குப் போன் போட்டேன்..." நிறுத்தினார். "நீ வேலையில இருந்திருப்ப."

"லாக்கர்ல இருந்துச்சுப்பா."

"ஆமா. அது உங்க ரூலு." அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

"சொல்லிக்கிட்டே இருந்தா பாப்பா. 'அபைட், அபைட்'னு. பிடிச்ச கைய விடமாட்டேங்கறா. வலிக்குதோ, மூச்சு முட்டுதோ, என்னன்னு தெரியாம நான் எதைக் குடுப்பேன்? 'கொஞ்சம் பொறு, பாத்துட்டு ஓடி வந்துடறேன்'னு விரலை ஒண்ணொண்ணா எடுத்து விட்டுட்டு முன் ரூமுக்குப் போனேன். மூணாம் பக்கத்துல வரணும் அது. இல்ல. முன்ன பாத்தேன், பின்ன பாத்தேன். தமிழ்லதான் பக்கத்துலயே போட்டிருக்கே, எப்படிப் படிக்கணும்னு, அத வச்சு வரி வரியா விரல் வச்சுப் பாத்தேன். இல்ல. அப்பத்தான் ஒண்ணு தோணுச்சு. தைக்கும்போது நான் ஒரு தாள விட்டுட்டேனோ?"

"அப்பா..."

"பக்க எண் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா எண்ண நம்ப முடியாது. சில நேரம் ஒரே தாள் ரெண்டு தடவ சேந்து, வேற ஒண்ணு போயிருக்கும். பரண்ல இன்னொரு பிரதி இருக்கில்ல, அத எறக்கினேன். தூசி தட்டி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஏடு ஏடாப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு. ரெண்டுலயும் அந்த வார்த்தை இல்ல. சரி, கெடக்குன்னு உள்ள வந்தா..."

முன் அறை மேசையில் இன்னொரு அகராதி விரித்தபடியே கிடந்தது. பக்கத்தில் ஓர் அடிஸ்கேல்.

மகளுக்கு அந்தச் சொல் தெரியும். படி ஏறி வந்ததும் அப்பா கேட்ட கணத்திலேயே தெரியும். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையில் அது வரும். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டதற்கு அம்மாதான் பொருள் சொன்னாள்: விட்டுட்டுப் போகாம கூடவே இரு.

அப்பா அவள் முகத்தையே பார்த்தார். நாற்பது வருஷம் கோணல்மாணலான தாள்களை ஒரு பார்வையில் கண்டுபிடித்த கண்கள்.

"தெரியலப்பா" என்றாள்.

'தெரியல' என்ற சொல்லை அந்த வீட்டில் இதுவரை யாரும் பொய்யாகச் சொன்னதில்லை.

"உனக்கே தெரியலையா?" பரீட்சையில் தோற்ற பிள்ளையின் முகம்போல அவர் முகம் சுருங்கியது. "பரவால்ல. எடிட்டர் ஐயா வரேன்னு சொல்லியிருக்காரு. அவருக்குத் தெரியாத வார்த்தையா?"

அவள் போனைத் தேடி எடுத்தாள்.

எடிட்டர் ஐயாவை அறியாதவர்கள் அந்த அலுவலகத்தில் இல்லை. இப்போது எண்பது வயதாகிறது. ஒரு சொல்லுக்குப் பொருள் ஒரு நூலிழை பிசகியது என்று, அச்சாகி வந்த மூவாயிரம் தாளையும் கிழிக்கச் சொன்னவர். கிழித்த குவியலை அள்ளிப் போட்டது அப்பாதான். வழியில் யாராவது "எப்படி இருக்கீங்க?" என்றால், "எந்தப் பொருள்ல கேக்கறீங்க?" என்று கேட்பவர் என்று அலுவலகத்தில் கேலி உண்டு. அவரிடம் போய் ஒரு சொல்லைக் கேட்டால் அவர் சொல்லத்தான் செய்வார். சரியாகச் சொல்வார். அதன் பிறகு இந்த மனுஷர் மிச்சமிருக்கிற நாளெல்லாம் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து விட்டதையே நினைத்துக்கொண்டிருப்பார்.

அவர் வீட்டுக்குப் போன் செய்தாள். "மாமா கெளம்பி அரை மணி ஆச்சேம்மா" என்றாள் மருமகள். "போன் இங்கதான் இருக்கு. அவரு எங்க எடுத்துட்டுப் போறாரு."

"அக்கா, கொஞ்சம் அப்பாவப் பாத்துக்கங்க" என்று தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தெருமுனையில், மருந்துக்கடைக்கும் தேய்ப்புக் கடைக்கும் நடுவில் போய் நின்றாள். பிற்பகல் வெயில் முகத்தில் அடித்தது. வருகிற ஆட்டோவையெல்லாம் குனிந்து பார்த்தாள். அவர் வந்தால் என்ன சொல்வது? 'சார், எங்கப்பாகிட்ட ஒரு பொய் சொல்லுங்க' என்றா? ஒரு பொய்க்காக ஆண்டவனை வேண்டலாமா என்று தெரியாமலே வேண்டிக்கொண்டாள். தேய்ப்புக் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் தன் முக்காலியை எடுத்து வந்து நிழலில் போட்டார். அவள் உட்காரவில்லை. ஆனாலும் அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இருபது நிமிஷம் ஆயிற்று. திரும்பி வந்தபோது படிக்கட்டின் அடியில் ஒரு கறுப்புக் குடை சாய்த்து வைத்திருந்தது. முன் தெருவில் குழாய்க்காகப் பள்ளம் தோண்டியிருப்பதைப் பார்த்த ஆட்டோக்காரன் பின் சந்து வழியாகக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். மேலே அப்பாவின் குரல் கேட்டது.

"...ரெண்டு புத்தகத்தையும் அப்படியே போட்டுட்டு உள்ள வந்தேன்யா. கை நான் வச்ச எடத்துலயே இருந்துச்சு."

எடிட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒடிசலான உடம்பு. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. அப்பா எதிரில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். மகள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி செய்ய ஒன்றுமில்லை.

எடிட்டர் அகராதியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைப் போடாமலே மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். ஒரு விரலை ஓரிடத்தில், இரண்டு சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் வைத்தார்.

"பைண்டர், மொதல்ல ஒண்ணு. நீங்க ஒரு தாளையும் விடல. உங்க தையல் சரியா இருக்கு. விட்டது நாங்க."

"ஐயா?"

"ஆபீஸ் மாத்தினப்போ ஒரு டப்பா கவுந்துச்சு. ஒரு சீட்டு மட்டும் அலமாரிக்குப் பின்னால போயிடுச்சு. புத்தகம் வந்த மறுநாளே உங்க வீட்டம்மா கண்டுபிடிச்சா. என் மேசையில கொண்டுவந்து வச்சா. நான் இடிஞ்சு போயிட்டேன். அவதான் சமாதானம் சொன்னா. 'இங்கிலீஷ்காரங்களோட பெரிய அகராதியிலேயே ஒரு சீட்டு தொலைஞ்சு ஒரு வார்த்தை விட்டுப் போயிருக்கு சார். இன்னொரு அகராதியில இல்லாத வார்த்தை ஒண்ணு பத்து வருஷத்துக்கு மேல குடியிருந்திருக்கு. ஆளுங்கதானே எழுதறோம்'னா." அவர் புத்தகத்தை மூடினார். "நான் ரெண்டு நாள் சாப்பிடல."

"அப்ப அது நெசமாவே இருக்கற வார்த்தைதான்."

"இருக்கற வார்த்தைதான்."

"நான்கூட, புத்தி பெரண்டு ஏதோ சொல்றாளோன்னு..." அப்பா சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். "அர்த்தம் என்னங்கய்யா?"

கீழே தையல் மிஷின் இப்போது ஓடவில்லை. மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச்சென்று சுற்றியது. எடிட்டர் தண்ணீர் கேட்டார். தையல்காரம்மா கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரு டம்ளர் தண்ணீரையும் நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரைத் தரையில் வைத்தார். திறந்திருந்த கதவு வழியாக, உள்ளே கட்டிலில் போர்த்திய துணியின் கால்மாட்டைச் சற்று நேரம் பார்த்தார். மகளின் தலை தானாக 'வேண்டாம், வேண்டாம்' என்று அசைந்தது. அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"தணிஞ்சு போச்சுன்னு அர்த்தம்" என்றார்.

அப்பா அவர் முகத்தையே பார்த்தார்.

"வலியோ, காய்ச்சலோ, மூச்சு முட்டறதோ இருந்து, அது தணிஞ்சா சொல்றது. இப்போ ஒண்ணுமில்ல, தணிஞ்சிடுச்சுன்னு."

"மேலே அது மாதிரி ஒண்ணு பாத்தேங்கய்யா" என்றார் அப்பா மெதுவாக. "'அபேட்'னு. அதுக்கும் தணி, குறைன்னுதான் போட்டிருந்துச்சு. விரல் வச்சுப் பாத்தேனே."

எடிட்டரின் காது மடல்கள் சிவந்தன. "ஆமா. அதுவும் இதுவும் ஒரு வயித்துப் புள்ளைங்க."

ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. 'அபேட்' பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்தது, அடித்துச் சாய்ப்பது என்ற பொருளில். 'அபைட்' இங்கிலீஷ்காரர்களின் பழைய வீட்டுச் சொல். அதே பக்கத்தில் மேலே இருக்கிற அண்டை வீட்டுக்காரனின் பொருளைத்தான் அந்தக் கிழவர் கடன் வாங்கியிருந்தார். முதல் பொய் தனியாக நிற்காதே என்று, அதற்கு முட்டுக்கொடுக்க இரண்டாவதையும் சொல்லிவிட்டார். இதற்காகவே ஆட்களை வேலையிலிருந்து அனுப்பியவர் அவர்.

"தணிஞ்சு போச்சு" என்று அப்பா சொல்லிப் பார்த்தார். வாய்க்குள் வைத்துப் பார்ப்பதுபோல இன்னொரு தடவையும் சொன்னார். "அப்ப எதையும் கேக்கல அவ."

"இல்ல."

"நான்தான் என்னமோ கேக்கறான்னு..."

"கேக்கல பைண்டர். சொல்லியிருக்கா. உங்களுக்கு நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லியிருக்கா."

அப்பாவின் தோள் இரண்டும் இறங்கின. காலையிலிருந்து அவற்றை அவர் உயர்த்திப் பிடித்திருந்தார் என்பதே அப்போதுதான் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட கட்டை எடுத்தார். அடியில் இருந்த வெற்றுச் சீட்டு ஒன்றை உருவினார்.

"நீங்களே உங்க கையால எழுதிக் குடுங்கய்யா. எழுபத்தி மூணாவது. அடுத்த பதிப்புக்கும் இதையே வச்சுக்கலாம்ல? அவளே கடைசியா எடுத்துக் குடுத்த மாதிரி இருக்கும்."

இது மகள் எதிர்பார்க்காதது. எடிட்டரும் எதிர்பார்க்கவில்லை. அவர் பேனாவின் மூடியைத் திருகித் திறக்க நேரம் எடுத்துக்கொண்டார். அகராதியையே தாங்கலாக வைத்து, அதன்மேல் சீட்டை வைத்து, முதலில் இங்கிலீஷில் எழுதினார். பக்கத்தில் தமிழில் உச்சரிப்பு. பிறகு பொருள். 'தணிந்தது.' ஒவ்வொரு எழுத்தும் அச்சில் வார்த்ததுபோல இருந்தது.

"கீழ உங்க எழுத்து" என்றார் அப்பா. சீட்டம்மாவின் கணவருக்கு அந்த விதி தெரியாதா?

பேனா அங்கே நின்றது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டாள். திரும்ப நிமிர்ந்தபோது அவர் முதலெழுத்தைப் போட்டு, மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அப்பா மை காயட்டும் என்று சீட்டை ஊதினார். இரண்டு கையாலும் எடிட்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனார்.

எடிட்டர் இறங்கும்போது மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றார்.

"உங்கம்மா இருந்திருந்தா என்னை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பா" என்றார்.

"சார்..."

"அந்தச் சீட்டு ஆபீசுக்கு வர வேணாம்மா. வீட்டோடயே இருக்கட்டும்."

"சரி சார்."

கீழே வந்து குடையை எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்ட பிறகும் அவள் குடையை விடவில்லை. "சார், அப்பா எனக்கு ஏழு தடவ போன் பண்ணியிருக்காரு. நான் எடுத்திருந்தா அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். அவரு எழுந்து போயிருக்க மாட்டாரு. அம்மா..."

அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். மேலே ஒருவருக்குக் கொடுத்ததுபோல இவளுக்கும் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடினார் என்றே தோன்றியது.

"அதுக்கு எனக்குத் தெரியலம்மா" என்றார்.

குடையை விரித்துக்கொண்டு, பள்ளம் தோண்டிய மண்மேட்டை ஒட்டி, ஓரமாக நடந்து போனார்.

அவள் மேலே வந்தாள். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் இடது கை அவர் கைக்குள் இருந்தது. முகத்தில் களைப்புத்தான் தெரிந்தது, நாள் முழுக்கத் தைத்துவிட்டுப் பட்டறையிலிருந்து வருகிறபோது இருக்குமே, அந்தக் களைப்பு. மகளைப் பார்த்ததும் கட்டில் ஓரத்துத் துணியை நீவி இடம் பண்ணினார்.

"வா பாப்பா. இப்படி உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மொட்டை மாடியில் யாரோ காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

தெருவில் ஒரு வண்டி பின்புறமாக வருகிற சத்தம் கேட்டது. பள்ளத்துக்கு முன்னால் நின்று, இரண்டு முறை ஹாரன் அடித்தது. படியில் தையல்காரம்மாவின் குரல்:

"அண்ணே, வண்டி வந்திருச்சு. நேரமாவுதுங்கறாங்க."

அப்பா கையை எடுக்கவில்லை. திரும்பவும் இல்லை.

"கொஞ்சம் இருக்கச் சொல்லும்மா" என்றார்.

சற்று நேரத்தில் கீழே எஞ்சின் சத்தம் நின்றது.